வள்ளியம்மாவின் கைநாட்டு

கன்னையாவின் மூன்று பஸ்களில் இரண்டு, கிள்ளான் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் காற்றிறங்கிய டயர்களோடு நின்றன. மூன்றாவது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் இனி ஓடுமா ஓடாதா என்பது அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் தெரிந்துவிடும்.

ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பின. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே பஸ் ஏற ஆளில்லாமல் போயிற்று. ஐந்து பேரிடம் வாங்கிய கடன் ஏழாயிரம் வெள்ளி கன்னையாவின் தலையில் நின்றது. கோர்ட் உத்தரவு வந்து, அவன் சொத்தெல்லாம் திவால் ஆபீஸ் கைக்குப் போய் ஏழு வாரம் ஆகிறது. அந்த ஆபீசின் அனுமதியோடுதான் இந்த ஒரு பஸ்ஸையும் ஓட்டுகிறான்.

'ஏலம் போட வேண்டாம். பஸ்ஸை ஓட விடுங்கள். மாதம் நூறு வெள்ளி வீதம் மூன்று வருஷம் கட்டுகிறேன். அவரவர் கடனுக்குத் தக்கபடி பிரித்துக்கொள்ளுங்கள். அதோடு என்னை விட்டுவிடுங்கள்' என்று அவன் எழுதிக் கொடுத்திருந்தான். கடன் கொடுத்தவர்கள் இன்றைக்குக் கூடி அதற்குச் சம்மதம் சொல்ல வேண்டும்.

"வள்ளி அண்ணி வருவாங்களா?" என்று புருஷனின் அக்காளைப் பற்றிக் கேட்டாள் தனலெட்சுமி, கஞ்சிக் கிண்ணத்தை அவன் முன்னால் வைத்துக்கொண்டே.

"வருவா. அவளுக்கும் ஓட்டு இருக்கே."

"அவங்க பணத்த வாங்கி மூணு வருஷம் ஆச்சு. ஒரு காசு திருப்பிக் குடுக்கல. இப்ப எந்த மூஞ்சியோட ஓட்டுக் கேப்பீங்க?"

கன்னையா கஞ்சியைக் குடித்தான். அந்தக் கேள்வி அவனுக்குள்ளும் இருந்தது. அதைவிடப் பெரிய ஒன்றும் இருந்தது. அதைத் தனலெட்சுமியிடம் அவன் சொல்லவில்லை.

அவளுடைய தம்பி நாகையா வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் காகிதக் கட்டோடு வாசலுக்கு வந்தான். கேரித் தீவில் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன். ஆட்குறைப்பில் வேலை போய், எட்டு மாதமாக அக்காள் வீட்டில் சாப்பிடுகிறான். இங்கிலீஷ் தெரிந்தவன் வீட்டில் அவன் ஒருவன்தான். திவால் ஆபீசுக்குப் போகும் ஒவ்வொரு காகிதமும் அவன் எழுதியதுதான். எழுதும்போது மட்டும் அவன் பழைய கிராணியாரைப் போல நிமிர்ந்து உட்காருவான்.

"மாமா, கிளம்பலாமா?"

ஒன்பது பயணிகளோடு பஸ் புறப்பட்டது. ஓட்டியது கன்னையாவேதான். நாகையா பக்கத்து இருக்கையில். பஸ் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியது. பிறகு எஞ்சின் சத்தத்துக்குள் நாகையா குரலைத் தாழ்த்தினான்.

"இன்னும் யோசிக்கிறீங்க போல."

"தலைய எண்ணினா நாம ஜெயிக்கிறோம்தானே? அஞ்சு பேர்ல நாலு பேர் நம்ம பக்கம்."

"தலைய மட்டும் எண்ண மாட்டாங்க மாமா. எத்தனை தடவ சொல்றது? கடன் தொகையையும் எண்ணுவாங்க. மொத்தத் தொகைல நாலுக்கு மூணு பங்கு ஆம்னு சொல்லணும். செட்டியார் ஒருத்தருக்கே மூவாயிரம். ஏழாயிரத்துல மூவாயிரம் இல்லைன்னா அவ்வளவுதான். மத்த நாலு பேரும் எழுந்து நின்னு கத்தினாலும் நடக்காது."

"செட்டியார் இல்லைன்னுதான் சொல்வாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"போன கூட்டத்துல அவரு மூஞ்சியப் பாத்தீங்கல்ல? ஒரு வார்த்த பேசல. அவருக்கு ஏலம்தான் வேணும்." நாகையா மடியிலிருந்த கட்டைத் தட்டினான். "வள்ளியக்கா பேருல ஆறாயிரம்னு போட்டாச்சு. மொத்தம் பன்னிரண்டாயிரம் ஆயிடும். அதுல நம்ம பக்கம் ஒன்பதாயிரம். சரியா நாலுக்கு மூணு. செட்டியார் தலைய ஆட்டினாலும் ஆட்டாட்டியும் ஒண்ணுதான்."

வள்ளியம்மா கொடுத்தது ஆயிரம். இல்லாத ஐயாயிரம் காகிதத்தில் முளைத்திருந்தது.

"மாசம் நூறு வெள்ளி கட்டினா, பாதி அவ பேருக்குப் போகுமே?" என்றான் கன்னையா.

"போகட்டும். அத நம்மகிட்டயே திருப்பித் தந்துடுவாங்க. கூடப் பொறந்த அக்காதானே?"

கன்னையா கியரை மாற்றினான். நேற்றுச் சாயந்திரம் நாகையா அந்தக் காகிதத்தை வாசித்துக் காட்டியபோது அவன் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், கடை வரிசையின் கோடியில் வள்ளியம்மாவின் அறை. ரயில்வேயில் வேலை பார்த்த புருஷன் விஷக்காய்ச்சலில் போனபின், அவர் பேரில் சேர்ந்திருந்த பணத்தை அப்படியே தம்பியின் இரண்டாவது பஸ்ஸுக்குக் கொடுத்தவள் அவள். இப்போது கல்யாணமாகாத கிளார்க்குகள் சேர்ந்து சமைக்கும் மூன்று மெஸ்ஸுக்கு மசாலா அரைத்துக் கொடுக்கிறாள். மிளகாய் நெடி தெருவிலேயே மூக்கைப் பிடித்தது.

நாகையாவைப் பஸ்ஸிலேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கன்னையா மட்டும் உள்ளே போனான்.

"வா. காப்பி குடி."

"நேரமில்லக்கா."

"கொதிச்சாச்சு. குடிச்சிட்டுப் பேசு."

அவன் முக்காலியில் உட்கார்ந்து குவளையை வாங்கிக்கொண்டான். அவள் நல்ல புடவை கட்டித் தயாராக இருந்தாள். கை மட்டும் மஞ்சள் போகாமல் இருந்தது.

"ஆபீசுல நான் என்ன செய்யணும்?"

"கைநாட்டு வைக்கணும். உனக்கு நான் கடன்பட்டிருக்கேன்னு ஒரு சத்தியக் காகிதம். அது இருந்தாத்தான் நீ ஓட்டுப் போட முடியும்."

"ஆயிரம்னு எழுதியிருக்கா?"

கன்னையா காப்பியை ஊதினான். "நாகையா எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கான்."

"நான் கேட்டது அது இல்லையே."

"எவ்வளவுன்னு கேட்டா, காகிதத்துல இருக்கிறதுதான்னு சொல்லிடுக்கா. அவ்வளவு போதும்."

வள்ளியம்மா அவனைப் பார்த்தாள். அவளைவிட ஒன்பது வயது சின்னவன். அம்மாவும் அப்பாவும் தோட்டத்துக்கு ரப்பர் மரம் சீவப் போன நாட்களில் இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள். இப்போது அவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"சரி, நட. பஸ்ல ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க," என்றாள்.

அதைச் சம்மதம் என்று கன்னையா எடுத்துக்கொண்டான். சட்டென்று எழுந்தான். குவளையில் பாதிக் காப்பி அப்படியே இருந்தது.

திவால் ஆபீசின் மாடி அறையில் நீள மேஜை. அதன் தலைப்பக்கம் வெள்ளைக்காரத் துரை. அவருக்குப் பக்கத்தில் ஆபீசின் மொழிபெயர்ப்பாளர் கார்த்திகேசு, யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர்.

டயர்க் கடைச் சீன முதலாளி லிம் தவுக்கே முதலிலேயே வந்து விசிறிக்கொண்டிருந்தார். பட்டறை வைத்திருக்கும் விஜயன், கைகளில் கிரீஸ் கறையோடு. பெட்ரோல் கடையின் ஆள் ஒருவர். சுவரோரமாகக் குடையை மடியில் வைத்துக்கொண்டு பழனியப்பன் செட்டியார். முப்பது வயது இருக்கும். அம்பாங் வீதியில் ஒரு செட்டியார் வட்டிக் கடையின் ஏஜெண்டு. ஊரிலிருந்து மூன்று வருஷத்துக்கு என்று வந்தவர். அதில் நான்கு மாதம்தான் பாக்கி.

ஒவ்வொருவருடைய கடனாகத் துரை கூப்பிட்டார். லிம் ஆயிரத்து ஐந்நூறு. விஜயன் தொள்ளாயிரம். பெட்ரோல் கடை அறுநூறு. செட்டியார் மூவாயிரம். எல்லாம் ஏற்கெனவே சத்தியம் செய்து கொடுத்த கணக்குகள்.

"வள்ளியம்மா," என்றார் கார்த்திகேசு.

நாகையா காகிதத்தை நீட்டினான். "நான் எல்லாத்தையும் அவங்களுக்கு வாசிச்சுக் காட்டிட்டேன் சார். கைநாட்டு வச்சாப் போதும்."

"நீங்கள் வாசிச்சது உங்களோட. எழுதப் படிக்கத் தெரியாத ஆள் எண்டால் நான் வாசிச்சுக் காட்ட வேணும். அதுதான் சட்டம்." கார்த்திகேசு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அம்மா, வடிவாக் கேளுங்கோ. 'கன்னையா எனக்குத் தர வேண்டிய கடன் ஆறாயிரம் வெள்ளி. இது உண்மை எண்டு சத்தியம் செய்கிறேன்.' விளங்கினதோ?"

"விளங்கிச்சு."

"அப்ப இதிலை பெருவிரலை வையுங்கோ." மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

வள்ளியம்மா கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"ஐயா, நான் குடுத்தது ஆயிரம்."

லிம் தவுக்கேயின் விசிறி இரண்டு தடவை ஆடி நின்றது.

"அக்கா மறந்துட்டாங்க சார்," என்று நாகையா எழுந்தான். "அப்பப்ப கைமாத்தாக் குடுத்ததெல்லாம் சேத்து..."

"மறக்கல. ஆயிரம். எங்க வீட்டுக்காரர் பேருல வந்த பணம். பத்து பத்தா நூறு தாள். நான்தான் எண்ணிக் குடுத்தேன். ஆயிரம்னு எழுதிக் குடுங்க, வைக்கிறேன்."

கார்த்திகேசு துரையிடம் இங்கிலீஷில் சொன்னார். துரை பேனாவை மூடி வைத்தார்.

முதலில் பேசியது விஜயன். "கன்னையண்ணே, அப்ப மாசம் நூறுல பாதி உங்க அக்கா பேருக்குப் போயிருக்கும். எனக்கு என்ன கிடைச்சிருக்கும்? ஏழு வெள்ளியா? ஓசியில எஞ்சின் இறக்கிக் குடுத்தவன் நான், அண்ணே."

கன்னையாவுக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" பழனியப்பன் செட்டியார் இருந்த இடத்திலிருந்தே பேசினார். இரண்டு கூட்டங்களில் அவர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. "கன்னையா, காகிதத்துல ஆறாயிரம்னு எழுதியிருக்கிறது உமக்கு முன்னாலேயே தெரியுமா?"

நாகையா அவன் பக்கம் திரும்பினான். அந்தக் கண்களில் என்ன இருந்தது என்று கன்னையாவுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டால் எல்லாம் நாகையாவின் தலையோடு போய்விடும். எழுதியது அவன். வாசித்தது அவன். கன்னையாவுக்கோ இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. யாரும் நம்புவார்கள்.

"தெரியும்," என்றான் கன்னையா. "நேத்தே வாசிச்சுக் காட்டினான். நான் வேணாம்னு சொல்லல."

துரை நிறைய நேரம் பேசினார். கார்த்திகேசு அதைச் சுருக்கித் தமிழில் சொன்னார். "அம்மா சத்தியம் செய்யேல்லை. அதனாலை அவவிலை குற்றம் இல்லை. ஆயிரத்துக்குப் புதுக் கடதாசி இப்பவே எழுதலாம். பழைய கடதாசியைத் துரை தன்னோட வைச்சிருப்பார். இதெல்லாம் தெரிஞ்ச பிறகும் கூட்டம் சம்மதிக்கிறதோ இல்லையோ எண்டதைக் கூட்டம்தான் சொல்ல வேணும். அரை மணித்தியாலம் யோசியுங்கோ."

எல்லாரும் எழுந்தார்கள். புதுக் காகிதத்தில் வள்ளியம்மா பெருவிரலை அழுத்தி வைத்தாள். மஞ்சள் விரலில் மை பச்சையாகத் தெரிந்தது. அதைத் துடைத்துக்கொண்டு அவள் வராந்தாவுக்கு வந்தபோது, கைப்பிடிச் சுவரோரம் செட்டியார் நின்றிருந்தார். கீழே தெருவில் ரிக்ஷாக்காரர்கள் மழையை எதிர்பார்த்துக் கித்தான் கூரையை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, உங்க தம்பி பஸ் போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார் அவர்.

"தெரியும்."

"உங்க ஆயிரமும் சேந்து போகும். ஏலம் போட்டா இந்தக் காலத்துல பஸ்ஸ யாரு வாங்குவா? உங்களுக்கு நூறு வெள்ளிகூட வராது."

"அதுவும் தெரியும்யா. நீங்க இல்லைன்னு சொல்லணும்னா சொல்லிட்டுப் போங்க. எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?"

செட்டியார் சட்டென்று சிரித்துவிட்டார். பிறகு குடையைக் கைமாற்றிக்கொண்டார்.

"முதலாளி ஊர்லேருந்து எழுதியிருக்காக. நம்பிக்கை இருந்தா ஒத்துக்க, இல்லாட்டி ஏலத்துல வந்ததை வாங்கிட்டுக் கணக்கை முடின்னு. எனக்கு நம்பிக்கை இல்லம்மா. பணம் வராதுங்கிறதுக்காக இல்ல. அந்தப் பஸ்ல எத்தனை பேர் ஏறுறான், எவ்வளவு வசூல் ஆகுதுன்னு இவுக சொல்றதுதான் கணக்கு. நான் எதைப் பாத்து நம்புறது? இன்னிக்கு வரும்போது இல்லைன்னு சொல்லத்தான் வந்தேன்."

"இப்ப?"

"தினமும் டிக்கெட்டுப் பெட்டிய நீங்க வாங்கி எண்ணுவீங்களா? பெட்டிச் சாவி உங்க கையில. மாசம் முடிஞ்சா நூறு வெள்ளி நேரா இந்த ஆபீசுக்கு. கன்னையா கைக்குப் போகக் கூடாது. அப்படி எழுதிக்கிட்டா நான் ஆம்னு சொல்றேன். முதலாளி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

வள்ளியம்மா யோசித்தாள்.

"சம்பளம் வேணும்," என்றாள்.

"என்னது?"

"மூணு மெஸ்ஸுக்கு மசாலா அரைக்கிறேன். அத விட்டுட்டுக் கிள்ளானுக்குப் போகணும். தம்பி வீட்டுல சும்மா உக்காந்து சாப்பிட முடியாது. பஸ் வசூல்லேருந்து மாசம் பன்னண்டு வெள்ளி. அதையும் எழுதிடுங்க."

"பத்து."

"பன்னண்டு. எண்ணுறது நான்."

செட்டியார் சரி என்று தலையை ஆட்டினார்.

கூட்டம் திரும்பக் கூடியபோது நாகையாவின் நாற்காலி காலியாக இருந்தது. யாரும் அவனைப் பற்றிக் கேட்கவில்லை.

செட்டியார் தன் நிபந்தனையைச் சொன்னார். துரை குறித்துக்கொண்டார். லிம் தவுக்கே "போலே லா" என்று மலாயில் சம்மதம் சொல்லிக் கையைத் தூக்கினார். பெட்ரோல் கடை ஆளும் தூக்கினார். வள்ளியம்மா தூக்கினாள். செட்டியார் குடையையே தூக்கினார். விஜயன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என் ஓட்டு இல்லாட்டியும் நடக்கும்தானே?" என்று கார்த்திகேசுவிடம் கேட்டான்.

"ஓம். நீங்கள் இல்லாமலே நாலுக்கு மூண்டு தாண்டியிட்டுது."

"அப்ப இல்லைன்னே எழுதிக்குங்க. கோபத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க கன்னையண்ணே. பஸ் ரிப்பேர் ஆனா எங்கிட்டயே கொண்டாங்க. ஆனா இன்னிக்கு என்னால கையத் தூக்க முடியாது."

கன்னையா அவனைப் பார்த்துக் கும்பிட்டான். அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

படியிறங்கும்போது கார்த்திகேசு பின்னாலேயே வந்து கன்னையாவின் தோளைத் தொட்டார். "தம்பி, சந்தோஷப்பட அவசரப்படாதையுங்கோ. கூட்டம் சம்மதிச்சது பாதி. ஜட்ஜ் சம்மதிக்க வேணும். நேர்மையா வந்த ஏற்பாடோ எண்டு அவர் பாப்பார். அந்தப் பழைய கடதாசியும் அவருக்கு முன்னாலை போகும். இதை ஆர் எழுதினது, ஆர் சொல்லி எழுதினது எண்டு உங்களைத்தான் கேப்பார்."

"எப்ப?"

"இருபத்து மூண்டாம் திகதி."

சாயந்திரம் கிள்ளான் வீட்டு முன்னால் பஸ் நின்றபோது தனலெட்சுமி வாசலில் இருந்தாள். முதலில் புருஷன் இறங்கினான். பிறகு துணி மூட்டையோடு நாத்தனார். தம்பி இறங்கவில்லை.

நடந்ததைக் கன்னையா கூடத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னான். தனலெட்சுமி குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். வள்ளியம்மா கொஞ்சம் பொறுத்துப் பின்னாலேயே போனாள்.

தனலெட்சுமி கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். வள்ளியம்மா எதிரே உட்கார்ந்து ஒரு கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க சொன்னது நெசம்தான். தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள் தனலெட்சுமி தலைநிமிராமல். "ஆனா அந்த நெசத்தக் காலையில உங்க ரூமுலயே இவருகிட்டச் சொல்லியிருக்கலாம்ல? அந்தக் காகிதத்த அங்கேயே கிழிச்சுப் போட்டிருப்பாரு. அத்தனை பேரு முன்னால, துரை முன்னால... என் தம்பி பேரு இப்ப அந்த ஆபீஸ் பீரோவுல இருக்கு."

வள்ளியம்மாவின் கை நின்றது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளும் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

"சொல்லியிருக்கலாம்," என்றாள். "அவன் வாயாலேயே வரட்டும்னு காத்திருந்தேன். ரூமுல வரல. பஸ்ல வரல. மாடிப்படி ஏறும்போதுகூடப் பாத்தேன். வரல. அப்புறம் எனக்கு வேற வழி தெரியல தனம்."

தனலெட்சுமி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எட்டு மாசமா இங்க சாப்பிடுறோமேன்னு அவனுக்கு உறுத்தல். ஏதாவது செஞ்சு காப்பாத்திடணும்னு பாத்தான். வேற கெட்ட எண்ணம் இல்ல அண்ணி."

"தெரியும். அவன் எழுத்து அழகா இருக்குன்னு அந்தக் கார்த்திகேசுவே சொன்னாரு."

தனலெட்சுமி அடுத்த கீரைக் கட்டை அவிழ்த்தாள்.

"ஜட்ஜ் கேக்கும்போது இவரு என்ன சொல்வாரு?" என்று கேட்டாள் தனலெட்சுமி. "நாகையாதான்னு சொன்னா அவன் ஜெயிலுக்குப் போவான். நான் சொல்லித்தான் செஞ்சான்னு சொன்னா இந்த ஏற்பாடே போயிடும். பஸ் போயிடும். இல்லையா?"

கூடத்தில் கன்னையா சுவரில் சாய்ந்து, இரண்டு பெண்களின் குரலையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

விளக்கேற்றும் நேரத்துக்கு மழை பிடித்தது. பின்வாசல் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் தனலெட்சுமி திறந்தாள்.

நாகையா நின்றிருந்தான். வெள்ளைக் கோட்டு உடம்போடு ஒட்டியிருந்தது. கோலாலம்பூரிலிருந்து பெரும்பாலும் லோரியிலும் மிச்சம் நடந்தும் வந்திருக்கிறான். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்று பேசினான்.

"அக்கா, உன் வளையல் ரெண்டு குடு. போர்ட் சுவெட்டன்ஹாம்லேருந்து கப்பல் இருக்கான்னு விசாரிச்சிட்டேன். நாகப்பட்டினத்துக்குக் கப்பல் இருக்கு. டெக்ல, மேல்தட்டுல போனா டிக்கெட்டு கொஞ்சம்தான். வேலை கெடச்சதும் அனுப்பிடுறேன்."

தனலெட்சுமி தன் கையைப் பார்த்தாள். நாலு வளையலில் மிச்சம் இருந்தது இரண்டுதான்.

"உள்ள வா."

"அவரு இருக்காரா?"

"அவரு வீட்டுல அவரு இருக்காம வேற யாரு இருப்பா? உள்ள வாடா."

அவன் வந்தான். வள்ளியம்மாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஒன்றும் சொல்லாமல் கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

தனலெட்சுமி தட்டைப் போட்டுச் சோறு வைத்தாள். கீரையை ஊற்றினாள். கூடத்துக் கதவோரம் கன்னையா வந்து நின்றதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை.

"வளையல் தர மாட்டேன் நாகையா. நீ கப்பலேறிட்டா, எல்லாம் உன் வேலைன்னு ஆயிடும். இங்க இருந்தா ரெண்டு பேரு செஞ்ச தப்புன்னு இருக்கும். மாமா அங்க உன்னைக் காட்டிக் குடுக்கல. தெரியும்னு சொன்னாராம். நீயும் அவரு பக்கத்துல நின்னு உன் பங்க நீயே சொல்லு. அப்புறம் ஜட்ஜ் என்ன செய்வாரோ செய்யட்டும்."

"ஜெயில்ல போட்டா?"

"போட்டா நான் சோறு கொண்டாரேன்."

அவன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். வெளியே மழை தகரக் கொட்டகையின்மேல் விழுந்து, பக்கத்தில் நிற்பவர் பேச்சுகூடக் கேட்காத அளவுக்கு இரைந்தது. அது கொஞ்சம் ஓய்ந்த பிறகுதான் அவன் தலையைத் தூக்கினான்.

"ஜட்ஜ்கிட்ட என்னைக்கு?"

"இருபத்து மூணாம் தேதி," என்றான் கன்னையா, கதவோரத்திலிருந்து.

"கப்பல் இருபத்தொண்ணு. போனாப் போகட்டும்," என்றான் நாகையா. பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தான்.